முடிவு தெரிந்த நாடகத்தில் படிக்க என்ன இருக்கிறது?

கேள்வி இது: “பள்ளியில் ‘ரோமியோ ஜூலியட்’ நாடகம் பாடமாக இருக்கிறது. கடைசியில் இருவரும் இறந்துவிடுவார்கள் என்பது ஊரறிந்த கதை. மொழியும் புரியவில்லை. நாலு நாள் பழகிய காதலுக்காக உயிரை விடுவது முட்டாள்தனமாகத் தெரிகிறது. இதை ஏன் படிக்க வேண்டும்? எப்படிப் படித்தால் மனதில் நிற்கும்?”

நாலு நாள் என்று எரிச்சலோடு எழுதியிருக்கிறீர்கள். அந்த நாலு நாள்தான் இந்த நாடகத்தின் உயிர்நாடி. ஷேக்ஸ்பியர் அதைத் தெரிந்தே செய்தார். கதை அவர் கற்பனையில் பிறந்ததில்லை. இத்தாலியில் ஒருவர் மாற்றி ஒருவர் சொல்லி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்த கதை. 1562இல் ஆர்தர் புரூக் என்பவர் அதை நீண்ட ஆங்கிலக் கவிதையாக எழுதினார். சுமார் 1595இல் ஷேக்ஸ்பியர் நாடகமாக்கியது பெரும்பாலும் அந்தக் கவிதையைத்தான். புரூக்கின் கதை மாதக்கணக்கில் நகர்கிறது. காதலர்கள் ரகசியமாக மணம் முடித்து, ஓரிரு மாதம் யாருக்கும் தெரியாமல் சந்தித்து மகிழ்ந்த பிறகுதான் கொலை நடக்கிறது. ஜூலியட்டுக்கு அங்கே ஏறக்குறைய 16 வயது.

ஷேக்ஸ்பியர் இத்தனையையும் ஒரே வாரத்துக்குள் அடைத்தார். ஞாயிறு காலை, பகையாளிகளான அவர்கள் இருவர் குடும்பங்களுக்குள் தெருச்சண்டை. அன்றிரவு விருந்தில் இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். அதே இரவில் தோட்டத்துப் பேச்சு. திங்கள் பிற்பகல் திருமணம். திருமணமாகி ஒரு மணி நேரத்தில் ரோமியோ கையால் ஜூலியட்டின் உறவினன் டிபால்ட் சாகிறான். செவ்வாய் விடியலில் ரோமியோ ஊரைவிட்டுப் போகிறான். அன்றிரவே ஜூலியட் மயக்க மருந்தைக் குடிக்கிறாள். வாரம் முடிவதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. அவள் வயதையும் அவர் குறைத்தார்: இன்னும் 14 நிரம்பவில்லை. அக்கால இங்கிலாந்தில் தேவாலயச் சட்டம் 12 வயதுப் பெண்ணின் திருமணத்தை ஏற்றது உண்மைதான். ஆனால் பெரும்பாலான பெண்கள் இருபதுகளின் நடுவில்தான் மணந்தார்கள். அதனால் அன்று நாடகம் பார்த்தவர்களுக்கும் அவள் குழந்தையாகத்தான் தெரிந்திருப்பாள். “இவ்வளவு சின்ன வயது, இவ்வளவு அவசரம்” என்று உங்களுக்குத் தோன்றுகிறதே, அந்த உணர்ச்சியைத்தான் அவர் எழுப்ப நினைத்தார். நீங்கள் நாடகத்தைத் தவறாகப் படிக்கவில்லை. சரியாகவே தொடங்கியிருக்கிறீர்கள்.

எனவே முதல் வேலையாக ஒரு தாளில் நாள்களை எழுதி, ஒவ்வொரு காட்சியும் எந்த நாளில், எந்தப் பொழுதில் நடக்கிறது என்று குறித்துக்கொண்டே வாருங்கள். நூலுக்குள்ளேயே நேரக் குறிப்புகள் கிடக்கின்றன. செவிலித்தாயை ஒன்பது மணிக்கு அனுப்பிவிட்டுப் பன்னிரண்டு வரை ஜூலியட் தவிக்கும் காட்சி ஒன்று இருக்கிறது. அரை மணியில் வருவதாகச் சொல்லிப் போனவள் மூன்று மணி நேரமாக வரவில்லை. இளையவர்களுக்கு நேரம் நகர மறுக்கிறது, கதைக்கோ நிற்க நேரமே இல்லை. இந்த இரண்டும் மோதுவதைப் பார்த்துவிட்டால் பாதி நாடகம் பிடிபட்டுவிடும்.

அடுத்தது, முடிவு தெரிந்துவிட்டது என்ற குறை. அதைச் சொன்னதே ஷேக்ஸ்பியர்தான். திரை விலகும் முன்பே ஒருவர் வந்து 14 வரியில் ஒரு முன்னுரை சொல்கிறார். அதன் ஆறாவது வரியிலேயே காதலர்கள் உயிரை மாய்த்துக்கொள்வார்கள் என்று சொல்லிவிடுகிறார். இரண்டு மணி நேர நாடகத்தில் என்ன நடக்கும் என்ற ஆவலை முதல் நிமிடத்திலேயே எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது “எப்படி நடந்தது, எந்த இடத்தில் தடுத்திருக்கலாம்” என்ற கேள்விதான். ஒவ்வொரு காட்சி முடியும்போதும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த இடத்தில் யார் நினைத்திருந்தால் இதை நிறுத்தியிருக்க முடியும்? ஏன் நிறுத்தவில்லை?

முடிவு தெரிந்திருப்பதால் மட்டுமே வலிக்கும் இடங்கள் இந்த நாடகத்தில் ஏராளம். மூன்றாம் அங்கத்தின் நான்காவது காட்சியைப் பாருங்கள். மிகச் சிறியது, வகுப்பில் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுவார்கள். திங்கள் நள்ளிரவு. கீழே ஜூலியட்டின் தந்தை கபுலெட், அவளைப் பெண் கேட்டு வந்த பாரிஸிடம் இன்று என்ன கிழமை என்று கேட்கிறார். திங்கள் என்றதும், புதன் சீக்கிரமாகிவிடும், வியாழன் வைத்துக்கொள்வோம் என்று மகளைக் கேட்காமலே முகூர்த்தம் குறிக்கிறார். அந்த நேரத்தில் மகள் தன் கணவனோடு மாடியில் இருக்கிறாள். அது பார்வையாளருக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. அடுத்த நாள், மகள் மனம் மாறிவிட்டதாக நடித்து மன்னிப்புக் கேட்டதும், அந்த மகிழ்ச்சியில் திருமணத்தைப் புதன் காலைக்கே இழுத்துவிடுகிறார். ஜூலியட்டை மருந்தால் இறந்தவள் போலக் கிடக்கவைத்து, கடிதம் அனுப்பி ரோமியோவை வரவழைக்கத் துறவி லாரன்ஸ் போட்டிருந்த திட்டத்தில் ஒரு முழு நாள் அங்கே கழிந்துபோகிறது. அவள் கீழ்ப்படிந்ததே அவளுக்கு எமனாகிறது. அந்த ஒரு நாள் கையில் இருந்திருந்தால் தவறிப்போன கடிதத்தை மறுபடி அனுப்ப அவகாசம் கிடைத்திருக்கும்.

அந்தக் கடிதமும் அப்படித்தான். நாடுகடத்தப்பட்டு மாண்டுவா நகரில் இருக்கும் ரோமியோவிடம் வேலைக்காரன் பால்தசார் வந்து ஜூலியட் இறந்துவிட்டதாகச் சொல்கிறான். ரோமியோ இரண்டு முறை கேட்கிறான்: துறவியிடமிருந்து கடிதம் எதுவும் இல்லையா? இல்லை என்றதும், பரவாயில்லை என்று சொல்லிவிடுகிறான். அந்தக் கடிதத்தைக் கொண்டுபோன இன்னொரு துறவி, கொள்ளைநோய் இருப்பதாகச் சந்தேகப்பட்ட வீட்டுக்குள் வைத்துப் பூட்டப்பட்டிருக்கிறார். இன்று படிக்கும்போது இது வலிந்து நுழைத்த தற்செயல் போலத் தோன்றலாம். ஆனால் 1592இலிருந்து 1594 வரை கொள்ளைநோயால் லண்டன் நாடக அரங்குகள் பெரும்பாலும் மூடிக் கிடந்தன; நோய் கண்ட வீடுகளைப் பூட்டிக் காவல் வைத்ததை அந்த ஊர்க்காரர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். அவர்களுக்கு அது கதைக்காகச் செய்த வசதியாகப் பட்டிருக்காது.

இனி எனக்கு மிகவும் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்: ஜூலியட். பெயர் வரிசையில் ரோமியோ முன்னால் நிற்பதால் அவன்தான் நாயகன் என்று நினைத்துப் படித்து, பலர் இந்த நாடகத்தையே இழந்துவிடுகிறார்கள். ரோமியோ நாடகத்தில் நுழையும்போதே ரோசலின் என்ற வேறு பெண்ணுக்காகப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருக்கிறான். அவன் பேச்சில் பாதி அந்தக் காலத்துக் காதல் கவிதைகளிலிருந்து எடுத்தது போல இருக்கும். ஜூலியட் அப்படியில்லை. முதலில் திருமணத்தைப் பற்றிக் கேட்டபோது, அதை நான் கனவிலும் நினைத்ததில்லை என்கிறாள். தோட்டத்துக் காட்சியில் அவன் நிலவின்மேல் ஆணையிட வரும்போது தடுக்கிறாள். நிலவு மாதாமாதம் மாறுவது, அதன்மேல் சத்தியம் வேண்டாம் என்கிறாள். இது மிகவும் திடீரென்று நடக்கிறது, மின்னலைப் போல இருக்கிறது, இந்த உடன்பாட்டில் எனக்கு மகிழ்ச்சி இல்லை என்று அந்தக் காட்சியில் சொல்பவளும் அவள்தான். பிறகு, உண்மையான எண்ணம் என்றால் நாளை எங்கே, எத்தனை மணிக்குத் திருமணம் என்று சொல்லி அனுப்பு என்று காரியத்துக்கு வருபவளும் அவள்தான்.

அவர்கள் முதன்முதலில் பேசிக்கொள்ளும் இடத்தை அவசியம் சத்தமாகப் படியுங்கள். முதல் அங்கம், ஐந்தாவது காட்சி. அவன் தன்னை யாத்திரிகனாகவும் அவளைத் தெய்வச் சிலையாகவும் சொல்லி நாலு வரி பேசுகிறான். அவளும் அதே உருவகத்தைப் பிடித்து நாலு வரியில் பதில் சொல்கிறாள். பிறகு மாறி மாறி. மொத்தம் எண்ணினால் 14 வரி, எதுகை இயைபோடு கச்சிதமான ஒரு சானெட். அந்த நாளில் சானெட் என்றால் ஓர் ஆண் தனியாக உட்கார்ந்து, பதில் பேசாத பெண்ணைப் பற்றி எழுதுவது. இங்கே இரண்டு பேர் சேர்ந்து, முன்னேற்பாடு இல்லாமல், ஒரே கவிதையைக் கட்டி முடிக்கிறார்கள். அவள் ஒரு வரியும் அவன் ஒரு வரியும் தந்து கடைசி இணை முடிகிறது. உடனே அடுத்த கவிதையைத் தொடங்குகிறார்கள். நாலு வரி போனதும் செவிலித்தாய் வந்து, அம்மா கூப்பிடுகிறார் என்று கலைத்துவிடுகிறாள். இவர்கள் காதல் வெறும் மயக்கமா என்று தேர்வில் கேள்வி வந்தால், இந்த 14 வரியை வைத்தே பதில் எழுதலாம். இந்தக் கவிதைக்குச் சற்று முன்புதான், ரோமியோவின் குரலை அடையாளம் கண்ட டிபால்ட் பழிவாங்குவதாகக் கறுவிக்கொண்டு வெளியேறுகிறான் என்பதையும் கவனியுங்கள். கவிதை முடியும் முன்பே கத்தி உருவப்பட்டாகிவிட்டது.

முழு நாடகத்தில் ஒரே ஒரு காட்சியைத்தான் ஆழமாகப் படிக்க முடியும் என்றால், மூன்றாம் அங்கத்தின் ஐந்தாவது காட்சியைப் படியுங்கள். எல்லோரும் கொண்டாடும் தோட்டத்துக் காட்சியை விட இது பெரியது என்பது என் உறுதியான எண்ணம். விடியலில் கணவனை அனுப்பிவைக்கிறாள். கீழே இறங்கி நிற்கும் அவனை மேலிருந்து பார்க்கும்போது, கல்லறையின் அடியில் கிடக்கும் பிணம் போல வெளிறித் தெரிகிறாயே என்கிறாள். அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் உயிரோடு ஒருவரையொருவர் பார்ப்பதே இல்லை. அவன் போன கொஞ்ச நேரத்தில் தாய் வந்து வியாழன் உனக்குத் திருமணம் என்கிறாள். ஜூலியட் மறுக்கிறாள். தந்தை வருகிறார். இதே மனிதர்தான் முதல் அங்கத்தில் பாரிஸிடம், அவள் சம்மதம் முக்கியம், இன்னும் இரண்டு கோடை போகட்டும் என்று பெருந்தன்மையாகப் பேசியவர். இப்போது, சொன்னபடி கேட்காவிட்டால் தெருவில் பிச்சையெடுத்துப் பட்டினி கிடந்து சாவு என்கிறார். அவள் தாயிடம் மன்றாடுகிறாள்: ஒரு மாதம், ஒரு வாரமாவது தள்ளிப்போடுங்கள். தாய் சொல்வது: என்னிடம் பேசாதே, உன்னோடு எனக்குள்ள உறவு முடிந்தது.

மிச்சம் இருப்பது செவிலித்தாய். பாலூட்டி வளர்த்தவள். அவள் பெற்ற குழந்தை சூசன், ஜூலியட்டின் வயதுதான், இறந்துவிட்டது. இதை முதல் அங்கத்திலேயே, சிரிப்பும் சளசளப்புமான நீண்ட பேச்சின் நடுவில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறாள். திருமணத்துக்குத் தூது போனவளும் அவள்தான். அவளிடம் ஜூலியட் ஆறுதல் கேட்கிறாள். பாரிஸையே மணந்துகொள், அதுதான் நல்லது, அவன் முன்னால் ரோமியோ எம்மாத்திரம் என்கிறாள் அவள். ஜூலியட் அவளை நேரில் திட்டவில்லை. எனக்கு நல்ல ஆறுதல் தந்தாய் என்று அமைதியாகச் சொல்லி அனுப்பிவிட்டு, தனியானதும், இனி என் மனது உனக்குத் திறக்காது என்று முடிவு செய்கிறாள். பெற்றவர்கள் இருவர், வளர்த்தவள் ஒருத்தி, மூவரும் ஒரே காட்சிக்குள் கைவிட்டுவிட்டார்கள். 13 வயதுப் பெண் அந்த அறையில் தன்னந்தனியாக நிற்கிறாள். “அவசரப்பட்டுவிட்டார்கள்” என்ற குற்றச்சாட்டை இந்தக் காட்சியைப் படித்த பிறகு மறுபடி எழுதிப் பாருங்கள். யார் அவசரப்பட்டது என்று நீங்களே கேட்பீர்கள்.

துறவி லாரன்ஸையும் சும்மா விடக் கூடாது. நல்லவர். இந்தத் திருமணத்தால் இரு குடும்பப் பகையும் தீரும் என்று நம்பித்தான் நடத்திவைக்கிறார். நிதானமாகப் போ, ஓடுகிறவன் தடுக்கி விழுவான் என்று ரோமியோவுக்குப் புத்தி சொன்னவர் அவர். கடைசி அங்கத்தில் கல்லறைக்கு இருட்டில் ஓடிவரும்போது, இந்தக் கிழட்டுக் கால்கள் எத்தனை முறை கல்லறைகளில் தடுக்கின என்று அவர் வாயாலேயே சொல்கிறார். பிறகு காவலர் வரும் சத்தம் கேட்டதும், கண் விழித்த பெண்ணைப் பிணங்களுக்கு நடுவில் விட்டுவிட்டு ஓடிவிடுகிறார். அவள் கையில் கத்தி எடுப்பது அதற்குப் பிறகுதான்.

மொழியைப் பற்றி. புரியவில்லை என்பது உங்கள் குறை அல்ல. அதிலும் முதல் காட்சி வேலைக்காரர்களின் சிலேடைகளால் நிறைந்தது. அவற்றில் பல இன்று ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கும் உரை இல்லாமல் புரியாது. அங்கேயே சோர்ந்துபோய் நூலை மூடியவர்கள் அதிகம். அந்தப் பக்கங்களை வேகமாகக் கடந்து, இளவரசன் எஸ்கலஸ் வந்து, இனி அமைதியைக் குலைத்தால் தலை போகும் என்று எச்சரிக்கும் இடத்திலிருந்து நின்று படியுங்கள். வரி முடியும் இடத்தில் நிற்காதீர்கள், வாக்கியம் முடியும் இடத்தில் நில்லுங்கள். செய்யுளுக்காக வினைச்சொல் இடம் மாறியிருக்கும், அதைத் தேடிப் பிடித்தால் பொருள் தானாக வந்து சேரும். முதலில் காட்சி முழுவதையும் வாய்விட்டுப் படித்துவிட்டு, பிறகு அடிக்குறிப்பைப் பாருங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் கீழே போய் மேலே வந்தால் பேச்சின் வேகம் செத்துவிடும். வேலைக்காரர்கள் பெரும்பாலும் உரைநடையில் பேசுவார்கள், பெரிய குடும்பத்தார் செய்யுளில். ரோமியோவின் நண்பன் மெர்குஷியோ இரண்டிலும் புகுந்து விளையாடுவான். யார் எப்போது எதற்கு மாறுகிறார்கள் என்று பார்ப்பது நல்ல பயிற்சி.

நிலவு, விண்மீன், தீப்பந்தம், மின்னல் என்று ஏன் இத்தனை ஒளியும் இருளும் என்று தோன்றலாம். ஷேக்ஸ்பியர் காலத்தில் திறந்தவெளி அரங்கில், பட்டப்பகலில்தான் நாடகம். ஜூலியட்டாக நடித்ததும் ஒரு பையன்தான். இரவைச் சொற்களால் மட்டுமே உண்டாக்க முடியும். அந்தச் சொற்களைப் படிக்கும்போது வெயிலில் நிற்கும் கூட்டம் இருளைக் கற்பனை செய்வதை நினைத்துக்கொள்ளுங்கள், அலங்காரமாகத் தெரிந்ததெல்லாம் தேவையாகத் தெரியும்.

தேர்வில் அடிக்கடி வருவது விதியா, மனிதர்களா, யார் காரணம் என்ற கேள்வி. விதி என்று எழுதுவது சுலபம். முன்னுரையும் விண்மீன்களைச் சொல்கிறது. ஆனால் நாடகம் அதோடு நிற்கவில்லை. மூன்றாம் அங்கத்தின் முதல் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். டிபால்ட் வம்புக்கு இழுக்கிறான். சற்று முன்புதான் அவனுக்கு உறவினனான ரோமியோ சண்டைக்கு மறுக்கிறான். திருமணம் நடந்தது தெரியாத நண்பன் மெர்குஷியோ அதைக் கோழைத்தனம் என்று எண்ணி வாளை உருவுகிறான். விலக்கிவிட ரோமியோ குறுக்கே பாய்கிறான். அவன் கைக்கு அடியில் புகுந்த வாள் மெர்குஷியோவைக் குத்திவிடுகிறது. ஏன் நடுவில் வந்தாய் என்று சாகிறவன் கேட்கிறான். நல்லதுக்குத்தான் செய்தேன் என்கிறான் ரோமியோ. இதில் விதி எங்கே? ஒரு ரகசியம், ஒரு தன்மானம், ஒரு நல்லெண்ணம், மூன்றும் ஒரே நிமிடத்தில் மோதுகின்றன. கடைசியில் எஸ்கலஸ், உங்கள் பகையைக் கண்டும் காணாமல் இருந்ததால் நானும் இரண்டு உறவினரை இழந்தேன், எல்லோருக்கும் தண்டனை என்று தன்னையும் சேர்த்துச் சொல்கிறான். அந்தப் பகை எதனால் வந்தது என்று மட்டும் நாடகம் முழுக்க யாரும் சொல்வதில்லை. பதில் எழுதும்போது ஒருவர்மேல் மட்டும் பழி போடாமல், இரண்டு காட்சிகளைத் தேர்ந்தெடுத்து, அந்தந்த நிமிடத்தில் யார் கையில் என்ன இருந்தது என்று எழுதுங்கள். அது பொதுவாக எழுதிய நாலு பக்கத்தை விட மதிப்புள்ளது.

உயிரை விடுவது முட்டாள்தனம் என்று எழுதியிருந்தீர்கள். நாடகம் அந்தச் சாவைப் பாராட்டுகிறது என்று எண்ண வேண்டாம். மூன்றாம் அங்கத்தின் மூன்றாவது காட்சியில் ரோமியோ ஏற்கெனவே ஒருமுறை கத்தியை எடுக்கிறான். துறவி தடுத்து, கடிந்து, அவன் வாழக் காரணங்களை ஒவ்வொன்றாக அடுக்குகிறார்: ஜூலியட் உயிரோடு இருக்கிறாள், உன்னைக் கொல்ல வந்தவன்தான் செத்தான், உனக்கு மரண தண்டனை கிடைக்காமல் நாடுகடத்தல்தான் கிடைத்தது. ரோமியோ கேட்டுக்கொள்கிறான், எழுந்து நிற்கிறான். ஐந்தாம் அங்கத்தில் அதே ரோமியோவின் பக்கத்தில் அப்படிப் பேச ஒருவரும் இல்லை. இரண்டு காட்சியையும் அடுத்தடுத்து படித்தால் ஷேக்ஸ்பியர் எதைக் காட்டுகிறார் என்பது தெளிவாகும். படிக்கும் யாருக்காவது இந்தப் பகுதி தன் சொந்த வாழ்க்கையைத் தொடுவதாக இருந்தால், அதை ஆசிரியரிடமோ நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடமோ உடனே பேசிவிட வேண்டும். அது கட்டுரைக்காகத் தனியாகச் சுமக்க வேண்டிய பாரம் கிடையாது.

திரைப்படம் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம், நூலைப் படித்த பிறகு. 1968இல் ஜெஃபிரெல்லி எடுத்ததும், 1996இல் பாஸ் லூர்மன் துப்பாக்கிகளும் கார்களுமாக எடுத்ததும் பள்ளிகளில் அதிகம் காட்டப்படுபவை. இரண்டிலும் கல்லறையில் பாரிஸ் கொல்லப்படும் பகுதி இல்லை; படத்தை நம்பித் தேர்வு எழுதினால் அங்கே மாட்டிக்கொள்வீர்கள். லூர்மன் படத்தில் ரோமியோ விஷம் குடிக்கும் நேரத்தில் ஜூலியட் கண் விழித்துவிடுகிறாள். இது புதிய யோசனை இல்லை. 1748இல் டேவிட் கேரிக் என்ற நடிகர் தன் மேடைக்காக நாடகத்தைத் திருத்தி, ரோமியோ சாகும் முன் அவள் விழிப்பதாகவும் இருவரும் கடைசியாகப் பேசிக்கொள்வதாகவும் வசனம் சேர்த்தார். அந்த வடிவம் வெகுகாலம் மேடையில் ஓடியது. ஷேக்ஸ்பியர் அந்தச் சந்திப்பைத் தரவில்லை. உன் உதட்டிலும் கன்னத்திலும் இன்னும் சிவப்பு இருக்கிறதே என்று ரோமியோ வியக்கிறான். அவள் விழிக்கப்போகிறாள் என்பதற்கான அடையாளம் அது என்று நமக்குத் தெரிகிறது, அவனுக்குத் தெரியவில்லை, குடித்துவிடுகிறான். வகுப்பில் ஆசிரியர் இடம் கொடுத்தால் அந்தக் காட்சியை இரண்டு விதமாகவும் நடித்துப் பாருங்கள்: ஒன்று நூலில் உள்ளபடி, மற்றொன்று அவள் ஒரு நிமிடம் முன்னால் விழிப்பதாக. எது அதிகம் வலிக்கிறது, ஏன் என்று பேசத் தொடங்கினால் ஒரு பாடவேளை போதாது.